இடது முட்டி

பொய் சொல்வது பெரிய காரியமில்லை. சொன்ன பொய்யை மறுநாளும் அதற்கு மறுநாளும் கட்டிக் காப்பதுதான் பெரும்பாடு. அதிலும் சொன்னவள் ஒருத்தி, அதற்காக நொண்டி நடக்க வேண்டியவர் இன்னொருத்தர் என்றால் கேட்கவே வேண்டாம்.

அது ஏழு மாடிக் கட்டடம். மாடிக்கு நாலு வீடு. கீழே படிக்கட்டை ஒட்டி இருந்த ஒற்றை அறைதான் இஸ்திரிக் கடை. அதன் பின்கதவைத் திறந்தால் வீடு. இருபத்தெட்டு வீட்டுத் துணியும் அங்கேதான் வரும். கடைக்காரிக்குக் கட்டடத்தில் 'இஸ்திரி அக்கா' என்று பெயர். எழுபது வயதுக்காரரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். அவளும் கோபித்துக்கொண்டதில்லை. அவளுடைய வீட்டுக்காரர் அதே கட்டடத்தின் லிப்டைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக். பக்கத்துத் தெருவில் இன்னும் நாலு கட்டடத்து லிப்டும் அவர் கையில்தான்.

போன வருஷம் அந்த மனுஷனுக்கு மனசு சரியில்லாமல் போனது. முதலில் தூக்கம் போயிற்று. அப்புறம் பசி. அப்புறம் பேச்சு. பதினோரு நாள் ஒரு வார்த்தை பேசாமல் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தவரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் வெளியூர் மனநல ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்தாள் அக்கா. பத்து வாரம் அங்கே இருந்தார்.

சேர்த்துவிட்டு வந்த மறுநாளே ஆறாம் மாடி டிரைவர் துணி மூட்டையோடு வந்து நின்றுகொண்டு, "என்னக்கா, அண்ணனைக் காணோம்?" என்றார். அந்த நேரம் அக்கா மேஜையில் ஒரு பேண்டை விரித்து, முட்டி இடத்தில் புடைத்திருந்த துணியை அமுக்கித் தேய்த்துக்கொண்டிருந்தாள். வாயில் அதுவே வந்துவிட்டது.

"முட்டியில ஆபரேஷன் தம்பி. இடது முட்டி. என் நாத்தனார் ஊர்ல நல்ல டாக்டர் இருக்காராம், அங்கேயே தங்கி பாத்துக்கிட்டு வரட்டும்னு விட்டுட்டேன்."

கையில் சட்டைக் காலர் இருந்திருந்தால் கழுத்து ஆபரேஷன் ஆகியிருக்கும். எல்லாம் மனுஷனுடைய அதிர்ஷ்டம்.

அப்புறம் என்ன? பத்து வாரம் கழித்து, கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்து, முகத்தில் வெளிச்சத்தோடு பஸ்ஸை விட்டு இறங்கியவருக்கு அங்கேயே ஒரு முட்டிப் பட்டையை மாட்டிவிட்டாள்.

"இது என்னம்மா?"

"உங்களுக்கு முட்டி ஆபரேஷன் ஆகியிருக்கு. நொண்டிக்கிட்டு வாங்க."

"எனக்கா? எப்போ?"

"ரெண்டரை மாசம் முன்னாடி. இடது முட்டி. மறந்துடாதீங்க."

அவரும் மறக்காமல்தான் நடந்தார். ஆனால் இயற்கையாகவே நல்ல கால் வாய்த்த மனுஷன் எவ்வளவு நாள்தான் நொண்டுவார்? சில நாள் காலையில் இடது காலும் மாலையில் வலது காலும் வலிக்கும். மழைக்கு ஓடி ஒதுங்கும்போது இரண்டும் வலிக்காது. அக்கா கடைக்குள்ளிருந்து செருமுவாள். உடனே நொண்டுவார். அந்தப் பட்டையை வாரம் ஒருமுறை துவைத்து, மற்ற துணிகளோடு சேர்த்து இஸ்திரியும் போட்டு வைப்பாள்.

"உலகத்துலயே முட்டிப் பட்டைக்கு மடிப்பு கலையாம இஸ்திரி போடுற ஆளு நீ ஒருத்திதாம்மா," என்று கல்லூரிக்குக் கிளம்பும் மகள் சொல்லிவிட்டுப் போவாள்.

"வாயை மூடுடி. உங்கப்பா விஷயம் வெளிய தெரிஞ்சா, அவர் பாக்குற லிப்ட்ல ஒரு ஆள் ஏறுவானா? அஞ்சு கட்டடத்து சாவியையும் வாங்கிக்கிட்டு வீட்டுக்குப் போயான்னு அனுப்பிடுவாங்க."

அந்தப் பயம் நியாயமானதுதான். மனுஷனுக்கு அந்த வேலைதான் உயிர். இன்னொரு தடவை அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்தால் தாங்க அவளுக்குத் தெம்பில்லை. எட்டு மாதம் இப்படியே ஓடியது.

அப்புறம் மழை வந்தது. சும்மா மழை இல்லை, தொடர்ந்து பிடித்த மழை. துணி எதுவும் காயவில்லை. ஈரத்தோடு கொண்டுவந்து மேஜையில் போட்டுவிட்டுப் போனார்கள். அக்கா பெட்டியை வைத்தால் புஸ்ஸென்று ஆவி எழும்பி மூக்கில் ஏறும். ஒரு சட்டைக்கு இரண்டு சட்டை நேரம் பிடிக்கும். அப்படி ஒரு நாளில்தான் இரண்டாம் மாடி நர்ஸ் ஒரு பெரிய கரும்பலகையைத் தூக்கிக்கொண்டு வந்து, கடைக்கு எதிரே லிப்ட் பக்கத்தில் மாட்டினாள். தெருமுனை மனநலக் கிளினிக்கில் அவளுக்கு வேலை.

"என்ன சிஸ்டர், பள்ளிக்கூடம் ஆரம்பிக்கிறீங்களா?"

"சவால் ஆரம்பிக்கிறேங்க்கா. மழையில யாரும் நடக்கப் போக முடியல. அதனால முப்பது நாளைக்கு லிப்டை விட்டுட்டு படியில ஏறணும். கீழேர்ந்து ஏழாவது மாடி வரைக்கும் போனா ஒரு ஏற்றம். கட்டடம் மொத்தமும் சேர்ந்து மூவாயிரம் ஏறணும்."

"ஏறினா?"

"ஏறினா ஏறினதுதான். விஷயம் என்னன்னா, முடிஞ்சவரைக்கும் ரெண்டு ரெண்டு பேரா ஏறணும். மாடிக்கு ஒரு கேள்வி ஒட்டியிருப்பேன். அதைப் பேசிக்கிட்டே போகணும். பல்லு வலின்னா ஊரைக் கூட்டிச் சொல்றோம். மனசு வலின்னா மட்டும் கதவைச் சாத்திக்கிறோம். ஏன்க்கா அப்படி?"

அக்கா பெட்டியைத் துணியில் வைத்தபடி ஒரு நிமிஷம் நின்றுவிட்டாள். யார் வீட்டுப் பள்ளிச் சீருடையோ, கருகல் வாடை வந்த பிறகுதான் கையை எடுத்தாள். நல்லவேளை, உள்பக்கம்.

அன்றைக்குச் சாயங்காலம் மெக்கானிக் பலகையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பந்தியில் இலை கிடைக்காதவர் முகம் மாதிரி இருந்தது. "நல்ல விஷயம்," என்றார். "அங்க எங்களையும் தினம் காலையில படியில ஏத்துவாங்க. முதல் வாரம் திட்டிக்கிட்டே ஏறினேன். அப்புறம் அதுக்காகவே எந்திரிச்சேன்."

"உஷ். கால் வலிக்குதுல்ல உங்களுக்கு. உள்ள வாங்க."

முதல் வாரத்திலேயே பலகையில் அக்கா பெயருக்கு நேரே கோடுகள் தாறுமாறாக ஏறின. இஸ்திரி போட்ட துணியை மாடி மாடியாகக் கொண்டுபோய்க் கொடுப்பவள் அவள்தான். எட்டு மாதமாகவே அவள் லிப்டில் போவதில்லை. கேட்டால், "உடம்புக்கு நல்லது" என்பாள். ஒரு நாளைக்கு ஆறு தடவை, தோளில் மூட்டையோடு மேலே போய் வருவாள். மற்றவர்கள் மூன்றாம் மாடியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் கேட்கும்போது இவள் கடந்து போவாள். "அக்கா கால்ல மோட்டார் வச்சிருக்காங்க," என்று கட்டடமே பேசியது.

படிக்கட்டு ஒரு விசித்திரமான இடம். வீட்டுக்குள்ளே ஆயிரம் மறைக்கிறவர்கள், நாலாம் மாடியில் மூச்சு இரைக்கும்போது உண்மையைக் கொட்டிவிடுவார்கள். பொய்யைக் கோத்துச் சொல்லவும் மூச்சு வேண்டுமல்லவா? ஒருநாள் ஆறாம் மாடி டிரைவர் அக்காவோடு சேர்ந்து ஏறினார். ஆள் வாய்ச்சவடால். இரண்டாம் மாடி வரைக்கும் கிண்டல்தான்.

"சிஸ்டருக்கு வேற வேலை இல்லக்கா. மென்டல் கேஸுங்களுக்கு நம்ம ஏன் படி ஏறணும்? அவங்கள ஏறச் சொல்லுங்க."

அக்காவுக்கு நெஞ்சில் சுருக்கென்றது. மூட்டையைத் தோள் மாற்றிக்கொண்டு ஏறினாள். ஐந்தாம் மாடியில் சுவரில், 'கடைசியாக எப்போது நிம்மதியாகத் தூங்கினீர்கள்?' என்று எழுதி ஒட்டியிருந்தது. டிரைவர் அதைப் படித்தார். படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டு வருஷம் ஆச்சுக்கா."

"என்ன தம்பி?"

"தூங்கி. வண்டி ஒருநாள் பிரேக் புடிக்காம போச்சு. யாருக்கும் ஒண்ணும் ஆகல. ஆனா கண்ணை மூடினா அந்த சத்தம் வருது. வீட்ல சொன்னா ஓட்டுறதுக்கே விடமாட்டா." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. எனக்கும் மென்டல்னுடுவாங்க."

அக்கா மூட்டையை இறக்கி வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் வீட்டிலும் இப்படித்தான் என்று தொண்டை வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டாள். "சிஸ்டரைப் போய்ப் பாருங்க தம்பி," என்று மட்டும் சொன்னாள். அதைச் சொல்வதற்கே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

இருபத்தொன்பதாம் நாள் காலை அந்த முட்டி விவகாரம் வெடித்தது. துவைத்த பட்டை இரவெல்லாம் காயாமல் சொதசொதவென்று கிடந்தது. அக்கா அதைப் பெட்டியால் அழுத்தி அழுத்திக் காயவைத்துச் சுடச்சுடக் கையில் கொடுத்தாள். மனுஷன் சூடு பொறுக்காமல் எந்தக் காலில் மாட்டுகிறோம் என்று பார்க்காமல் மாட்டிக்கொண்டு வெளியே போனார். பலகை முன்னால் ஏழெட்டுப் பேர். மொத்தம் எத்தனை ஆயிற்று, இன்னும் எத்தனை குறைகிறது என்று நர்ஸ் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டிரைவர்தான் முதலில் பார்த்தார். "அண்ணே, ஆபரேஷன் இடது முட்டின்னுதானே சொன்னீங்க? பட்டை வலது கால்ல இருக்கு?"

கடைக்குள்ளிருந்து அக்கா, "ரெண்டு முட்டியும்தான் தம்பி!" என்றாள்.

அதே நேரம் மெக்கானிக், "மாத்தி மாத்திப் போட்டா சீக்கிரம் குணமாகுமாம்!" என்றார்.

டிரைவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "வலி ஒரு கால்ல, வைத்தியம் இன்னொரு கால்லயா? யாருண்ணே அந்த டாக்டர்? எனக்கும் விலாசம் குடுங்க!" எல்லோரும் சிரித்தார்கள். மெக்கானிக்கும் சிரித்தார். நர்ஸ் மட்டும் சிரிக்காமல் அக்காவைப் பார்த்தாள். அக்கா குனிந்து ஒரு தலையணை உறையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

சாயங்காலம் வீட்டில் மூன்று பேரும் ரொட்டியும் முட்டையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். மெக்கானிக் பட்டையைக் கழற்றித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"போதும்மா. நாளைக்கு நான் சொல்லிடப் போறேன்."

"என்னத்தை?"

"எனக்கு முட்டி நல்லா இருக்குன்னு."

"உங்களுக்குப் பைத்தியமா—" என்று ஆரம்பித்தவள் அப்படியே வாயைப் பொத்திக்கொண்டாள். மகள் தட்டைப் பார்த்தாள். மெக்கானிக் மட்டும் விழுந்து விழுந்து சிரித்தார்.

"அதையும் சேர்த்துத்தான் சொல்லப் போறேன்."

"விளையாடாதீங்க. யாராவது உங்க லிப்ட்ல அப்புறம் கால் வைப்பாங்களா? அதை யோசிச்சீங்களா?"

அவர் முட்டையை உப்பில் தொட்டார். தின்னவில்லை. "யோசிச்சேன். எட்டு மாசமா அதை மட்டும்தான் யோசிக்கிறேன். இந்தக் கட்டடத்துல இருபத்தெட்டு வீடு. இந்த சவால் வர்ற வரைக்கும் எல்லாரும் தினம் என் லிப்ட்ல ஏறினாங்க, இறங்கினாங்க. ஏறாத ஆளு ஒரே ஒருத்தர்தான்."

"யாரு?"

மகள்தான் சொன்னாள்: "நீதாம்மா."

அக்கா, இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள். உடம்புக்கு நல்லது என்று சொல்லப் பார்த்தாள். இரண்டும் வரவில்லை.

"லிப்ட் மெக்கானிக்குக்கு யார் ஏறுறாங்க, யார் ஏறலன்னு தெரியாதாம்மா?" என்றார் அவர். குரலில் கோபம் கொஞ்சமும் இல்லை. அதுதான் அவளைக் கொன்றது. "நான் வந்த முதல் வாரமே கவனிச்சேன். மூட்டையைத் தூக்கிக்கிட்டு படியில போனே. லிப்ட் காலியா நின்னுச்சு. இவளுக்கே நம்பிக்கை இல்லன்னா சரி, இன்னும் ஒரு தடவை பார்ப்போம்னு கயித்தை மறுபடி பார்த்தேன். பிரேக்கை மறுபடி பார்த்தேன். இந்த ஊர்லயே இதை மாதிரி பத்திரமான லிப்ட் கிடையாது. உனக்காகத்தான் பார்த்தேன்."

அக்கா அழுதாள். மூக்கை உறிஞ்சி உறிஞ்சி, சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள். அவர் எழுந்துவந்து, கைக்குக் கிடைத்த துணியைக் கொடுத்தார். அது முட்டிப் பட்டை. அதிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மகளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அப்புறம் மூன்று பேருமே சிரித்தார்கள்.

"நீங்க சொல்லுங்க," என்றாள் அக்கா கடைசியில். "ஆனா முட்டியை நான்தான் சொன்னேன். அதை நானே வாபஸ் வாங்கிக்கிறேன்."

முப்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கென்று மழையும் விட்டிருந்தது. கீழே லிப்டுக்கு முன்னால் கட்டடமே கூடியது. ஆனால் ஒருத்தர் முகத்திலும் களை இல்லை. பலகையில் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பது. இருபத்தொன்று குறைந்தது. எல்லோரும் தொடையைப் பிடித்துக்கொண்டு, அடுத்து ஏறப்போவது யார் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டிரைவர் நாற்காலியில் சரிந்து கிடந்தார். "என்னை விட்டுடுங்க. என் கால் எந்த ஊர்ல இருக்குன்னே தெரியல."

"அதுக்கு முன்னாடி நம்ம சாம்பியன் ரெண்டு வார்த்தை பேசட்டும்," என்றாள் நர்ஸ். "தனி ஆளா நூத்து எண்பத்தாறு ஏற்றம்! இஸ்திரி அக்கா வாங்க!"

கைதட்டல் அதிர்ந்தது. அக்கா சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். முதுகுக்குப் பின்னால் வீட்டுக்காரர் நிற்பது தெரிந்தது.

"எனக்குப் பேசத் தெரியாது. இஸ்திரி போடத்தான் தெரியும்," என்றாள். "ஆனா ஒரு சுருக்கத்தை எடுக்கணும். இவருக்கு முட்டி ஆபரேஷன் ஆகல. இடதும் இல்ல, வலதும் இல்ல. நான் சொன்ன பொய் அது."

டிரைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மீதியை அவரே சொல்வார். என் பங்கு இன்னும் கொஞ்சம் இருக்கு. நீங்க என்னை சாம்பியன்னு சொல்றீங்க. நான் உடம்புக்காக ஏறல, சவாலுக்காகவும் ஏறல. இவர் கையால பார்த்த லிப்ட்ல ஏற பயந்துகிட்டு ஏறினேன். நீங்க எல்லாம் இவரைத் தப்பா நினைப்பீங்கன்னு உங்களைக் கண்டு பயந்தேன். கடைசியில பார்த்தா அப்படி நினைச்சவ நான் ஒருத்திதான்."

மெக்கானிக் முன்னால் வந்தார். நொண்டாமல் வந்தார். கட்டடம் முதன்முறையாக அவருடைய உண்மையான நடையைப் பார்த்தது.

"எனக்கு மனசு சரியில்லாமப் போச்சு. மனநல ஆஸ்பத்திரியில பத்து வாரம் இருந்தேன். இப்ப நல்லா இருக்கேன். மாத்திரை சாப்பிடறேன். தினம் காலையில படி ஏறுறேன்."

டிரைவர் மெதுவாகக் கேட்டார்:

"அப்ப இந்த லிப்டை... நம்பி ஏறலாமாண்ணே?"

அக்கா பயந்த கேள்வி வந்தே விட்டது.

மெக்கானிக் சிரித்தார். "எட்டு மாசமா ஒரு நாளைக்குப் பத்து தடவை ஏறினீங்களே தம்பி. ஏதாவது ஆச்சா?"

டிரைவர் யோசித்தார். எழுந்தார். தன் மனைவி இருந்த பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "ஒண்ணும் ஆகல," என்றார். அப்புறம் சத்தமாக, "நானும் ரெண்டு வருஷமா தூங்கல. ஆனா வண்டியை ஒழுங்காத்தான் ஓட்டுறேன். போன வாரம் சிஸ்டரைப் போய்ப் பார்த்தேன். இதையும் சொல்லிடறேன், போங்க!" என்றார். அவர் மனைவி "அடப்பாவி மனுஷா, என்கிட்ட சொல்லாமலா?" என்று ஓடிவந்து அவர் தோளில் ஒன்று போட்டாள். போட்ட கையை எடுக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டாள்.

"அண்ணா, ஒரு நிமிஷம்," என்றாள் நர்ஸ். அவள் கண் பலகையில் இருந்தது. "தினம் காலையில படி ஏறுறேன்னீங்களே? எவ்வளவு?"

"தினம் ஒண்ணு. மேல மெஷின் ரூம் கதவுக்குப் பின்னாடி சாக்பீஸ்ல கோடு போட்டு வச்சிருக்கேன். எட்டு மாசக் கோடு இருக்கு."

"இந்த மாசம் மட்டும்?"

"இன்னியோட முப்பது."

குறைந்தது இருபத்தொன்று. அதைக் கணக்குப் போட யாருக்கும் கிளினிக் நர்ஸ் தேவைப்படவில்லை. கட்டடமே கத்தியது. "இதை நேத்தே சொல்லியிருந்தா என் கால் பொழச்சிருக்குமேண்ணே!" என்று டிரைவர் அலறினார்.

"கோட்டைக் கண்ணால பார்க்காம நான் பலகையில ஏத்த மாட்டேன்," என்றாள் நர்ஸ் கண்டிப்பாக.

"பார்க்கலாம் சிஸ்டர். ஆனா செத்தாலும் படியில வர மாட்டேன்!" என்றார் டிரைவர்.

எல்லோரும் லிப்டைப் பார்த்தார்கள். அப்புறம் ஏனோ அக்காவைப் பார்த்தார்கள். அக்கா போய்ப் பொத்தானை அழுத்தினாள். கதவு திறந்தது. எட்டு மாதத்துக்குப் பிறகு முதல் காலை உள்ளே வைத்தாள். எண்ணெய் வாடை அடித்தது. அவருடைய சட்டையை இஸ்திரி போடும்போது வருகிற அதே வாடை. உள்ளே போய் மூலையில் நின்றாள். பின்னாலேயே மகள், நர்ஸ், டிரைவர், அவர் மனைவி, இன்னும் மூன்று பேர் என்று அடைத்துக்கொண்டார்கள். கடைசியில் மெக்கானிக் ஏறினார். லிப்ட் கீங் கீங் என்று கத்தியது.

"எட்டு பேருக்கு மேல தாங்காது. யாராவது ஒருத்தர் இறங்குங்க," என்றார்.

ஒருத்தரும் அசையவில்லை. "நான் மாட்டேன், கால் போச்சு," என்றார் டிரைவர். "நான் பலகைக்குப் பொறுப்பு," என்றாள் நர்ஸ். மகள் அம்மாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அக்கா, "என்னை இறங்கச் சொன்னா நடக்கிறதே வேற!" என்றாள். லிப்ட் கத்திக்கொண்டே இருந்தது. உள்ளே எட்டுப் பேரும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

மெக்கானிக்தான் இறங்கினார். சத்தம் நின்றது. சட்டைப் பையிலிருந்து இஸ்திரி மடிப்புக் கலையாத முட்டிப் பட்டையை எடுத்து டிரைவர் கையில் கொடுத்தார். "இனிமே உங்களுக்குத்தான் தேவைப்படும். எந்தக் கால்ல வேணா போட்டுக்கங்க." அடுத்த நொடி படிக்கட்டில் இரண்டிரண்டு படியாகத் தாவி ஓடும் சத்தம் கேட்டது.

கதவு மூடியது. லிப்ட் மேலே போயிற்று. ஒரு குலுக்கல் இல்லை. மூன்றாம் மாடியைத் தாண்டும்போது கீழே நின்றவர்கள் கைதட்டுவது கேட்டது. ஐந்தாம் மாடியில், "அண்ணே, அண்ணே!" என்று யாரோ கத்தினார்கள். அக்கா கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். பயம் இருந்தது, இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் அதோடு சேர்ந்து சிரிப்பும் வந்துகொண்டிருந்தது.

ஏழாம் மாடியில் கதவு திறந்தது. எதிரே மெக்கானிக் நின்றுகொண்டிருந்தார். சட்டையெல்லாம் வியர்வை. மூச்சு வாங்கியது. கையில் ஒரு சாக்பீஸ்.

"பயந்தியா?"

"ஆமா," என்றாள் அக்கா. மூச்சு வாங்குகிறவரிடம் பொய் சொல்ல அவளுக்கும் தோன்றவில்லை. "இறங்கும்போதும் இதுலதான் வருவேன்."